எல்லையில் நின்ற சிவப்பு

நெய்யாற்றின்கரையில் எங்களுக்குக் கிடைத்த அறையில் விளக்கு மேசை இல்லை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை அது. செயற்கைக்கோள் படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்துக் கோடு இழுக்க அது வேண்டும். அறையில் இருந்தது மேற்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல்தான். அதன் கண்ணாடிகளில் ஒன்று உடைந்து அட்டை ஒட்டப்பட்டிருந்தது. மற்றவற்றில் எங்கள் தாள்களைப் பசைநாடாவால் ஒட்டிவைத்து நின்றுகொண்டே வேலை செய்தோம். மதியத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் வரும்போதுதான் கோடுகள் தெளிவாகும். அதனால் சனிக்கிழமை முற்பகல்களில் எங்களுக்குப் பெரிதாக வேலை இருந்ததில்லை. பேசிக்கொண்டிருப்போம்.

நாங்கள் இரண்டு பேர். நான் பாறசாலையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து ரயிலில் வருவேன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் கொல்லங்கோட்டுக்கு அருகே ஓர் ஊரிலிருந்து, பஸ் மாறி வருவார். தொண்ணூறுகளின் நடுவில் கடற்கரைத் தாவரங்களைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்று இரண்டு மாநிலங்களிலும் தனித்தனியாக நடந்தது. சில வருடங்களுக்கு முன் எடுத்த படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, எங்கே செடி கொடி குறைந்தது, எங்கே கூடியது, எது வேறொன்றாக மாறியது என்று வரைய வேண்டும். கேரளத் திட்டத்தில் நான் தற்காலிக உதவியாளர். தமிழ்நாட்டுத் திட்டத்தில் அவர்.

அந்தப் படங்களில் இலை சிவப்பாகத் தெரியும். தென்னந்தோப்பு மங்கிய சிவப்பு, சவுக்கு கருஞ்சிவப்பு. மணல் வெள்ளை. தண்ணீர் கறுப்பு. வீடுகள் நெருங்கிய இடம் நீலம் கலந்த சாம்பல். பூவாருக்குத் தெற்கே பழைய படத்தில் சிவப்பாக இருந்த ஒரு நீளத் துண்டு புதிய படத்தில் சாம்பலாகியிருந்தது. தோப்பு வீடுகளாகியிருந்தது என்று அதற்குப் பொருள். முதல் சில மாதங்கள் தெருவில் நடக்கும்போது வாழைத்தோட்டத்தைப் பார்த்தால்கூட எனக்கு மனதுக்குள் சிவப்பு என்று தோன்றும்.

படங்கள் எங்களுக்கு மாநில எல்லையோடு வெட்டப்பட்டே வந்தன. என் படத்தில் எல்லைக்கு அப்பால் வெறும் வெள்ளை. அவர் படத்தில் எல்லைக்கு இப்பால் வெறும் வெள்ளை. இரண்டு தாள்களையும் எல்லைக்கோட்டில் சேர்த்து வைக்கும்போது என் தாளில் ஓரம் வரை வரும் கோடு அவர் தாளில் தொடர வேண்டும். நான் தோப்பு என்று எழுதியதை அவர் சவுக்கு என்று எழுதியிருக்கக் கூடாது. இந்த வேலைக்கு ஓரம் பொருத்துதல் என்று பெயர். இரண்டு பேருக்கும் தமிழும் மலையாளமும் தெரியும், வீடும் பக்கம் என்பதால் இதை எங்களிடம் விட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் சந்தித்து ஓரங்களைப் பொருத்த வேண்டும். அவை பொருந்தியதும் எங்கள் சந்திப்பும் முடியும்.

அறைக்குள் நாங்கள் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதில்லை. என் தாளின் தலைப்பில் கேரளம் என்றும் அவருடையதில் தமிழ்நாடு என்றும் எழுதியிருந்தது. முதல் நாளே அவர், "கேரளம் சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"தமிழ்நாடு வாங்கித் தந்தா குடிக்கும்" என்றேன்.

இந்த வேலைக்கு முன் நாகர்கோவிலில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன். மலையாளத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவதும், பிறர் எழுதியதைத் திருத்துவதும் வேலை. கண்டதையும் கேட்டதையும் கலக்காமல் எழுதும் பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பழக்கத்தோடு அவரைப் பற்றி எழுதினால் இவ்வளவுதான் தேறும். மையூற்றும் பேனாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்கமாட்டார். தாள்களைச் சுற்றி வைக்கும் தகரக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர்கள் துப்பாக்கியா என்று கேட்பார்கள். "நாதஸ்வரம்" என்பார் முகம் மாறாமல். தான் வரைந்த கோடு தவறு என்று தெரிந்தால் உடனே ஒத்துக்கொள்வார். அப்படி ஒத்துக்கொள்ளும் ஆண்களை நான் அதுவரை அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் கிளார்க். நல்ல குடும்பம், பக்கத்து ஊர், சொல்ல ஒரு குறையும் இல்லை. நான் அவசரப்படுத்த வேண்டாம் என்றேன். இந்தப் பட வேலை முடியட்டும், பிறகு பதில் சொல்கிறேன் என்றேன். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை என்று சொன்னால் அவருக்கு மேற்கொண்டு கேள்வி கிடையாது. அம்மாவுக்கு உண்டு.

"மக்கா, அந்தப் படம் எத்தற பெரிசுட்டி? கடல் முழுக்க வரையணுமா?"

"கரை மட்டும்தான் அம்மா."

"கரைக்கு இத்தற நாளா?"

பதில் சொல்ல எனக்கு ஓரங்கள் பொருந்தும் வரை நேரம் இருந்தது. அதற்குள் என்னோடு ஓரம் பொருத்துகிறவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா அந்தச் சபையில் உபதேசியார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவது நான். இவையெல்லாம் முற்பகல் பேச்சில் இருவருக்கும் தெரிந்தவை. யாரும் யாரிடமும் கேட்காமலே தெரிந்துகொண்டோம்.

ஓரங்கள் ஒவ்வொன்றாகப் பொருந்தின. கடலை ஒட்டிய மணலில் நான் தனி வகையாகக் காட்டியிருந்த கொடிப் படர்வு அவர் தாளில் இல்லை. அடம்புக்கொடி அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது என்று அவர் வாதிட்டார். தெரியும் என்றேன். இரண்டு வாரம் அதில் போனது. கடைசியில் அது படத்தில் தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததால் வரைந்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். தாழம்புதர் வரிசை ஒன்றை அவர் சவுக்கு என்று எழுதியிருந்தார். அதை அவர் திருத்தினார். கடைசியில் ஒரே ஓர் இடம் மிஞ்சியது.

பூவாரிலிருந்து தெற்கே போகும் பழைய கால்வாய் எல்லைக்குப் பக்கத்தில் அகன்று ஒரு குளம்போல் கிடக்கும். என் தாளில் அந்த இடம் முழுக்க அடர்ந்த சிவப்பு, எல்லைக்கோடு வரை. அவர் தாளில் அதே இடம், எல்லைக்கோட்டிலிருந்தே சுத்தமான கறுப்பு. தாள்களைச் சேர்த்து வைத்தால் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. ஒரு பக்கம் இலை, மறு பக்கம் தண்ணீர்.

எங்கள் நகர அலுவலகத்தின் விஞ்ஞானி அதைப் பார்த்துச் சிரித்தார். பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் பேசுவார். "செடிக்கு ஸ்டேட் அதிர்த்தி அறியுமோ? ஒண்ணுகில் நிங்களுக்குத் தெற்றியது, இல்லெங்கில் அவருக்கு. கண்டுபிடிச்சு வாங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மாநில எல்லையில் செடி நின்றுவிடாது என்று நாங்களும் நம்பினோம்.

ஆகவே யாருடைய தவறு என்று தேடினோம். எல்லைக்கோட்டை இடம் மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று பார்த்தோம். பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டோம். அவர் ஒரு வாரம் தன் கறுப்பு தவறாக இருக்கலாம் என்று சொன்னார். அடுத்த வாரம் நான் என் சிவப்பு தவறாக இருக்கலாம் என்று சொன்னேன். பூதக்கண்ணாடியை மாறி மாறி வாங்கிக்கொண்டோம். ஒரே கண்ணாடியைக் கைமாற்றும்போது கவனமாக விளிம்பைப் பிடித்து வாங்குவேன். அவரும் அப்படியே.

இவ்வளவுக்கும் அந்த இடம் தூரம் இல்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து எல்லையோரப் பொழியூருக்கு நேரே பஸ் உண்டு. நேரில் போய்ப் பார்க்கும் இடங்களின் பட்டியலில் அது இல்லை என்பதும், ஜீப்புக்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் காரணங்களாக இருந்தன. பஸ்ஸில் போக யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சனிக்கிழமைகள் வந்துகொண்டிருந்தன. அவரும் தள்ளிப்போடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த மாதங்களின் மகிழ்ச்சி எல்லாம் அதுதான்.

பிற்காலத்தில் இந்த வேலை முழுக்கக் கணினித் திரைக்கு மாறிவிட்டது. படம் வெட்டப்படாமல் வரத் தொடங்கியது. வேறு மாவட்டத்தின் கரையைப் பார்க்க உட்கார்ந்தாலும் நான் முதலில் தெற்கே போவேன். எல்லைக்கோடு இல்லாத திரையில் கால்வாயைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினால் அவர் ஊர் வரும். தென்னையும் பலாவும் கலந்த சிவப்பு, நடுவே சபைக் கட்டிடமாக இருக்கக்கூடிய ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்திருந்தாலும் அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர்கள் தெரியமாட்டார்கள். அந்தப் புள்ளியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வடக்கே வருவேன். கூட வேலை செய்தவர்கள் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு புதிய படத்தைச் சரிபார்க்க எல்லோரும் தமக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் முதலில் போவார்கள்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை அவர் தாள்களை ஜன்னலில் ஒட்டவில்லை. குழாயைத் திறக்காமலே சுவரில் சாய்த்து வைத்தார்.

"கேரளம், நாம அங்க ஒருக்கா நேரா போயிட்டு வந்தா என்ன?" என்றார்.

"ஏன் இப்ப?"

"எனக்கு ஷில்லாங்கில வேல கெடச்சிருக்கு. ஆர்டர் வந்தாச்சு. அடுத்த மாசம் போய்ச் சேரணும். அதுக்கு முன்ன இதத் தீத்து வச்சிட்டுப் போலாம்னு."

நல்லது என்று சொன்னேன். பஸ்ஸில் அவர் முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். குழாய் மடியில் இருந்தது. கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை.

பொழியூரில் இறங்கி, வழி கேட்டு, தோப்புகளுக்குள் நடந்தோம். கால்வாய்க் கரை ஏறியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

எல்லை இருக்கும் இடத்தில் தண்ணீருக்குக் குறுக்கே மூங்கில்கள் மிதந்தன. ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, இரண்டு கரையிலும் தென்னையில் கட்டியிருந்தார்கள். மூங்கிலுக்கு வடக்கே, எங்கள் பக்கம், தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை. மேலே கோழி நடந்துபோனது. மூங்கிலுக்குத் தெற்கே தெளிந்த தண்ணீர். அதில் ஒரு தண்டுமில்லை, இலையுமில்லை. படத்தில் பார்த்த அதே வெட்டு.

தெற்கே இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மூங்கிலுக்கு வடக்கே கரையில் ஒரு பெண் பாத்திரம் கழுவ வழியில்லாமல் பாயலைக் கம்பால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பாயல் என்றுதான் அங்கே அந்தச் செடியைச் சொல்கிறார்கள். இருவருக்கும் வழக்கமான சண்டை போலிருந்தது.

"எங்களுக்க பாயலு உங்க வீட்டுல வந்து சோறா கேட்டுது? தொறந்து விடும்வோய்!" என்றார் அந்தப் பெண்.

"சோறு கேக்கல்ல அக்கா. குடியிருக்க எடம் கேக்குது."

"தமிழ்நாட்டுத் தண்ணிக்கு இருக்க பவுசு!"

"நாங்க வருசா வருசம் எறங்கி வாருதோம். உங்க ஆளுவளயும் வாரச் சொல்லுங்க. அன்னைக்கு நானே மூங்கில அறுத்து விடுதேன்."

எங்களைப் பார்த்ததும் அவர் குரலை மாற்றினார். "எந்த ஆபீசு? வார வந்தியளா, எழுத வந்தியளா?"

"பாக்க வந்தோம்" என்றேன்.

"பாத்தா பாயலு போவுமோ?" என்று கரையிலிருந்த பெண் கேட்டார். தண்ணீரில் நின்றவரும் அந்தப் பெண்ணும் முதல் தடவையாக ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தார்கள்.

நாங்களும் சிரித்தோம். அவர் குழாயைத் திறக்காமலே சொன்னார்: "ரெண்டு பேருக்க தாளும் சரியாக்கும்."

திருத்த எதுவுமில்லை. சிவப்பு எல்லையில் நிற்கத்தான் செய்தது. அந்த ஓரத்தில் மூங்கில் தடுப்பு என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். இத்தனை மாதம் நாங்கள் தேடிய தவறு எந்தத் தாளிலும் இல்லை. வேலை முடிந்துவிட்டது. கரையில் கிடந்த தென்னந்தடி ஒன்றில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

அவர் கேட்கப்போவதில்லை என்று அப்போது தெரிந்தது. ஆகவே நானே கேட்டேன். "எனக்கு வீட்டுல ஒரு கல்யாண ஆலோசன வந்திருக்கு. இந்த வேல தீந்ததும் பதில் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு எனக்கிட்ட ஏதாவது கேக்க உண்டா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஓணத்துக்கு முன்னமே வீட்டுல பேசியாச்சு" என்றார்.

"எதப் பத்தி?"

"உங்களப் பத்தி. அம்மைக்குச் சம்மதம். அப்பா, ஞானஸ்நானம் எடுத்து சபையில வச்சுக் கெட்டினா சரின்னு சொன்னாரு. அதுல எறங்கி வரமாட்டாரு. அவரு உபதேசியாரு. அவரு சொல்லுதது எனக்குப் புரியுது."

ஓணம் போய் எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை முற்பகல்கள் பேசியிருக்கிறோம்.

"அத ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீங்க சரின்னு சொல்லிருவீங்களோன்னு பயம்."

"சரின்னு சொன்னா என்ன?"

"வெள்ளிக்கிழம வெளக்கு கொளுத்துதத நிறுத்திட்டு, எங்க வீட்டுல ஒரு மூலையில நீங்க சும்மா இருக்கதப் பாக்க எனக்கு வய்யா. எனக்காச்சுட்டி ஒரு ஆளு மாறுதது எனக்குப் பிடிக்கல்ல."

அவர் நல்ல மனதோடு சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதங்களில் வராத கோபம்.

"இங்க வந்து பாக்காம, ஜன்னல்ல வச்சே இத்தற நாளு கோடு போட்டோம்லா. எனக்க காரியத்துலயும் நீங்க அதத்தான் செய்திருக்கீங்க. நான் என்ன சொல்லுவேன்னு நீங்களே வரஞ்சு முடிச்சாச்சு."

"தப்பு எனக்கதுதான்" என்றார் உடனே. கோடு தவறும்போது சொல்வதுபோலவே சொன்னார்.

அதற்குப் பிறகாவது கேட்டிருக்கலாம். தண்ணீரில் நின்றவர் கரையேறி, வேட்டியைப் பிழிந்து, எங்களைக் கடந்து போகும் அளவுக்கு நேரம் இருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சரி என்று சொல்லியிருப்பேன் என்று சில நாட்களில் தோன்றும். மாட்டேன் என்று சில நாட்களில். அந்தப் பதில் எனக்குள் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்காததால் அது எனக்கும் தெரியாமல் போனது. அவரைவிட அதிகமாக அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஏங்கியிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன்.

திரும்பி நடந்தோம். சாலைக்கு வந்ததும் அவர் தெற்கே போகும் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். என் பஸ் முதலில் வந்தது. அவர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையைத் தூக்கினார். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. அவர் தாள் அவருடைய அலுவலகம் வழியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. குறிப்பை இரண்டு ஓரத்திலும் ஒரே சொற்களில் எழுதியிருந்தோம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அடுக்களையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். நான் உடை மாற்றாமல் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்தேன். வேலை முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப அவியள வரச்சொல்லலாமா?"

"வரண்டாம்னு சொல்லுங்க."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா வெளித் திண்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காத குரலில் அம்மா கேட்டாள்: "மனசுல யாரும் உண்டா மக்கா?"

"உண்டு."

"அந்தப் பையன் வருவானா?"

"வரமாட்டாரு."

"பின்ன எதுக்குட்டி இவியள வேண்டாம்னு சொல்லுத?"

நான் செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.  அம்மா அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். கிழங்குத் தண்ணீரை வடித்தாள். எனக்கு ஒரு தட்டில் போட்டு, மிளகாய்ச் சம்மந்தித் துவையலை ஓரமாக வைத்து, என் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அப்பாவிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நீ சூடாறும் முன்ன தின்னு."